கடலில் ஓர் அமானிதம்: மரக்கலத் தலைவர்கள் உருவான வரலாறு

வணிகர் ஒருவர் தம் பொருளையெல்லாம் செலவிட்டு மரக்கலம் ஒன்றைக் கட்டி முடிக்கிறார். அதனைக் கடல் கடந்து மற்றொரு துறைமுகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அவரோ கரையில் நின்று விடுகிறார். கலமும், அதிலுள்ள சரக்கும், அதில் ஏறிய மனிதர்களின் உயிரும் வேறொருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. பாய் தொடுவானத்தில் மறைந்த பின்னர் உரிமையாளருக்கு எஞ்சுவன இரண்டே: இறைவன்மீது கொண்ட தவக்குல், தாம் தேர்ந்தெடுத்த மனிதர்மீது வைத்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு உரியவராக ஒருவர் எவ்வாறு ஆனார்? முதன்முதலாகக் கலத்தில் ஏறிய சிறுவன் எத்தனை படிகளைக் கடந்து பிறர் பொருளைக் கடலில் நடத்திச் செல்லும் தலைவனானான்? கடற்கரை ஊர்களில் வேரூன்றிய நம் சமுதாயத்திற்கு இது தொலைதூரக் கேள்வியன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் பழங்குடும்பங்கள் பலவற்றின் வரலாறு கடலில்தான் தொடங்குகிறது.

ஆலிமும் மாலுமியும்

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். தமிழில் கப்பலோட்டுபவரை ‘மாலுமி’ என்கிறோம். இச்சொல் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர். ஆலிம், இல்ம், முஅல்லிம் ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்தியப் பெருங்கடலின் முஸ்லிம் கடலோடிகள் வழிகாட்டும் வல்லுநரை ஆசிரியர் என்றே அழைத்தார்கள். உடல் வலிமையோ துணிச்சலோ அப்பெயரை ஈட்டித் தரவில்லை. கல்வியே ஈட்டித் தந்தது.

‘நகுதா’ என்பது மற்றொரு சொல். பாரசீக மொழியில் ‘நாவ்’ என்றால் கலம். ‘குதா’ என்றால் தலைவன். சில காலங்களில் கலத்தின் உரிமையாளரே நகுதாவாக இருந்தார். சில காலங்களில் உரிமையாளரின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் நகுதா எனப்பட்டார். பயணத்தின் வணிகப் பொறுப்பு நகுதாவுடையது. வழியறியும் பொறுப்பு முஅல்லிமுடையது. ஒருவரே இரு பொறுப்புகளையும் ஏற்றதும் உண்டு. சுக்கான், கலாசி, சாரங்கு முதலிய சொற்களும் அரபு, பாரசீகக் கடலோடிகளின் மொழியிலிருந்து நம் கரைக்கு வந்து சேர்ந்தவையே.

ஆடு மேய்த்தவர் தலைவரான கதை

தொடக்கம் எவ்வளவு எளியதாக இருக்கக்கூடும் என்பதற்குப் பத்தாம் நூற்றாண்டின் அரபு நூலொன்று சான்று தருகிறது. புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் தொகுத்த ‘அஜாயிபுல் ஹிந்த்’ என்னும் அந்நூல் அப்ஹரா என்னும் மாலுமியைப் பற்றிப் பேசுகிறது. அவர் கிர்மான் பகுதியில் பிறந்து ஆடு மேய்த்தவர். பின்னர் மீனவரானார். அதன்பின் இந்தியாவுக்குச் செல்லும் கலமொன்றில் சாதாரணக் கடலோடியானார். தொடர்ந்து சீனக் கடலுக்குச் செல்லும் கலங்களில் பணியாற்றி, இறுதியில் கலத்தின் தலைவரானார். அக்காலத்தில் சீனம் சென்று உயிருடன் திரும்புவதே அரிது. அவரோ ஏழு முறை சென்று வந்தார் என அந்நூல் கூறுகிறது.

அவரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று சிந்திக்கத் தக்கது. ஸீராஃப் துறைமுகத்திலிருந்து சீனம் நோக்கிச் சென்ற கலமொன்று, நடுக்கடலில் சிறு தோணியில் தனியே அமர்ந்திருந்த அப்ஹராவைக் கண்டது. அவரிடம் இருந்தது நீர் நிரம்பிய தோல்பை ஒன்றே. கலத்தில் ஏறிக்கொள்ளுமாறு அழைத்தபோது அவர் மறுத்தார். கலத்தின் தலைமையைத் தம்மிடம் ஒப்படைத்து, ஆயிரம் தீனார் பெறுமான ஊதியமும் தந்தாலன்றி ஏறமாட்டேன் என்றார். வியப்புற்றாலும் அவர்கள் இசைந்தார்கள். ஏறியவுடன், கனமான சரக்குகளைக் கடலில் எறியச் செய்தார். பெரிய பாய்மரத்தை வெட்டச் செய்தார். நங்கூரங்களின் வடங்களையும் அறுக்கச் செய்தார். வணிகர்களின் மனம் எவ்வளவு பதறியிருக்கும்! சில நாள்களில் பெரும் சூறாவளி வந்தது. எடை குறைந்த கலம் அலைகளின்மேல் மிதந்து பிழைத்தது.

ஆடு மேய்த்த சிறுவன் அந்த இடத்தை ஒரே தாவலில் அடையவில்லை. மீனவனாக இருந்தபோது நீரின் குணத்தையும், கடலோடியாக இருந்தபோது கயிற்றின் குணத்தையும், நெடும்பயணங்களில் பருவத்தின் குணத்தையும் கற்றார். வானில் அறிகுறி தோன்றுமுன்னரே ஆபத்தை உணரும் ஆற்றல் இவ்வாறு படிப்படியாகவே சேர்ந்தது.

இப்னு மாஜித் வகுத்த பாடத்திட்டம்

கடற்கலையை ஏட்டில் முறைப்படுத்தியவர்களுள் தலைசிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமாவுக்கு அருகிலிருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்த அவர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் மாலுமிகளே. ஏறத்தாழ 1490இல் அவர் நிறைவு செய்த ‘கிதாபுல் ஃபவாயித்’ பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. கப்பற்கலையின் வரலாற்றை அவர் நபி நூஹ் (அலை) அவர்களின் பேழையிலிருந்தே தொடங்குகிறார்.

மாலுமியாக விரும்புபவர் கற்க வேண்டியவை யாவை? திசைகளை விண்மீன்களின் உதயத்தாலும் மறைவாலும் அறிதல் வேண்டும். அரபு மாலுமிகள் வட்டத்தை 32 பகுதிகளாக்கி, அப்பகுதிகள் பலவற்றுக்கு விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். அடுத்து, துருவ விண்மீனின் உயரத்தை ‘விரல்’ கணக்கில் அளத்தல் வேண்டும். பின்னர், பருவக்காற்றின் காலக்கணக்கு. எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் புறப்பட வேண்டும் என்பதைப் பாரசீகப் புத்தாண்டான நைரூஸிலிருந்து நாள்களை எண்ணிக் குறித்தார்கள். சந்திர ஆண்டான ஹிஜ்ரி ஆண்டு பருவங்களோடு ஒட்டி நடப்பதில்லை. ஆகவே வணக்கத்திற்கு ஹிஜ்ரி, காற்றுக்கு நைரூஸ் என இரு நாட்காட்டிகளையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று உச்சம் பெறும் ஜூன், ஜூலை மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்கள் மூடிக்கிடக்கும். சில நாள் தாமதம் ஓராண்டு இழப்பாக மாறக்கூடும்.

இறுதியாக, கரையின் அறிகுறிகள். நீரின் நிறமாற்றம், கடற்பாம்புகள், பறவைகள், ஆழமறியும் ஈயக்குண்டில் ஒட்டிவரும் மண் என இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கரையை அறிவிக்கும் தூதர்கள்.

விரல் கணக்கு எவ்வாறு இயங்கியது? சிறு மரப்பலகை ஒன்றின் நடுவே முடிச்சுகளிட்ட கயிறு கோத்திருக்கும். மாலுமி ஒரு முடிச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு பலகையை முன்னே நீட்டுவார். பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டில் கலம் நிற்கிறது என்பது பொருள். பின்னர் கிழக்கோ மேற்கோ திரும்பி அதே உயரத்தைக் காத்துச் சென்றால் துறைமுகத்தை அடையலாம். தெற்கே செல்லச் செல்ல விண்மீன் தாழும். இன்று நாகூரில் அது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்திலும், சென்னையில் ஏறத்தாழ 13 பாகை உயரத்திலும் நிற்கிறது. இந்த இரண்டு பாகை வேறுபாட்டைக் கயிற்று முடிச்சால் உணர்ந்தவர்கள் அம்மாலுமிகள். விண்மீன்களைக் கொண்டு தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறியுமாறு இறைவன் செய்திருப்பதைத் திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் நினைவூட்டுகிறது. அவர்களுக்கு அது அன்றாட அனுபவமாக இருந்தது.

இப்னு மாஜித் மாலுமிகளை மூன்று தரத்தினராகப் பிரிக்கிறார். முதல் தரத்தினர் சில வேளை சரியாகவும் சில வேளை தவறாகவும் செல்பவர்கள். இரண்டாம் தரத்தினர் தாம் பழகிய வழிகளில் தேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் மறைந்ததும் அவர்கள் பெயரும் மறைந்துவிடும். மூன்றாம் தரத்தினரே உயர்ந்தோர். கடலின் எந்த நுட்பமும் அவர்களுக்கு மறைவானதன்று. மேலும், தாம் அறிந்ததைப் பிறர் பயன்பெறுமாறு எழுதி வைப்பவர்கள். கலம் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளை ஆராய வேண்டும், அளவுக்கு மீறிச் சரக்கேற்றலாகாது, தம் கட்டளைக்குக் கட்டுப்படாத கலத்தில் ஏறலாகாது என்றெல்லாம் அவர் அறிவுறுத்துகிறார். பிறர் கலத்தைப் பொறுப்பேற்கும் எவருக்கும் இந்த மூன்றும் இன்றும் பொருந்தும்.

பெருமிதமும் உண்மையும்

இப்னு மாஜிதின் பெயரை நம்மில் பலர் வேறொரு கதையின் வழியாகவே அறிந்திருக்கிறோம். 1498இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிநடத்தியவர் அவரே என்பது அக்கதை. சிலர் இதைப் பெருமையாகவும், சிலர் பழியாகவும் சொல்வதுண்டு. இரண்டுக்கும் அடிப்படை வலுவற்றது. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் அந்த வழிகாட்டி குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும், ‘மாலெமோ கானா’ என்றும் குறிப்பிடுகிறார்கள். ‘மாலெமோ’ என்பது நம் மாலுமியே. பின்னுள்ள சொல் கணக்கில் வல்லவரைக் குறிப்பது. ஆக, அது பட்டமேயன்றி இயற்பெயரன்று. இப்னு மாஜிதின் பெயரை இந்நிகழ்ச்சியோடு இணைத்தவர், பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய மக்கா வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலி. ஆய்வாளர் திப்பெட்ஸ் உள்ளிட்டோர் இதனை ஏற்கவில்லை.

நம் முன்னோரின் சிறப்பை நிறுவ ஐயத்திற்குரிய கதை தேவையில்லை. கேள்விப்பட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை மார்க்கமும் விரும்பவில்லை. அவர் எழுதிய நூல்களே அவருக்குப் போதுமான பெருமை.

நம் கரையின் கயிற்று முடிச்சுகள்

இக்கலை அரபுக் கரையோடு நின்றுவிடவில்லை. 1850இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சோழமண்டலக் கரைக் கடலோடிகள் பயன்படுத்திய கருவிகளைப் பற்றிச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார். முடிச்சுகளிட்ட கயிறும் பலகையும் அவற்றுள் இடம்பெற்றன. அதாவது, ஐரோப்பியர் வந்து மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் கரையில் அக்கலை உயிரோடு இருந்தது.

இலட்சத்தீவுகளின் முஸ்லிம்களிடையே ‘ரஹ்மானி’ எனப்படும் கைச்சுவடிகள் வழங்கின. பாரசீகத்தில் வழிகாட்டி என்று பொருள்படும் சொல்லின் மரபில் வந்த பெயர் இது. அங்குத் தேர்ந்த கடலோடி ‘மால்மி’ என மதிக்கப்பட்டார். கவரத்தியைச் சேர்ந்த குஞ்ஞிக்குஞ்ஞி மால்மியின் ரஹ்மானி அறிஞர் லோதிகா வரதராஜனால் ஆராயப்பட்டு நூலாக வெளிவந்துள்ளது.

தமிழ்க் கரையிலோ இத்தகைய ஏடுகள் மிக அரிதாகவே கிடைக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி போன்ற பெருவணிகர்களின் பெயர் நிலைத்தது, புலவர்கள் பாடினார்கள். மலாக்காவிலும் பினாங்கிலும் சூலியர் என அறியப்பட்ட நம் வணிகர்கள் பள்ளிவாசல்களை நிறுவினார்கள். கற்களில் அவர்கள் பெயர் நின்றது. ஆனால் அவர்களுடைய கலங்களை வங்கக் கடலின் புயல்களினூடே நடத்திச் சென்ற மாலுமிகளுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? இப்னு மாஜித் கூறிய இரண்டாம் தரத்தினரின் நிலை இதுவே. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களின் அறிவு எழுதப்படவில்லை, அவ்வளவே.

சட்டமும் ஊதியமும்

தலைமை என்பது மதிப்பு மட்டுமன்று. எல்லை வகுக்கப்பட்ட பொறுப்பு. அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’யில் கப்பற் பணியாளர்களைப் பன்னிரண்டு வகையினராகப் பட்டியலிடுகிறார். நகுதா, முஅல்லிம், கலாசிகளின் தலைவரான தண்டல், கணக்கர், சுக்கான் பிடிப்பவர், பாய்மர உச்சியில் நின்று நோக்குபவர், நீர் இறைப்பவர் எனப் படிகள் தெளிவாக உள்ளன. வங்காளத்தின் சாத்காவ் துறைமுகத்தில் நகுதாவுக்கு 400 ரூபாயும், முஅல்லிமுக்கு 200 ரூபாயும், தண்டலுக்கு 120 ரூபாயும் ஊதியம் என்கிறார். அத்துடன், தம் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ளக் கலத்தில் தனி இடமும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரின் நலனும் உரிமையாளரின் நலனும் ஒரே கலத்தில் இருந்தன. இது நுட்பமான ஏற்பாடு.

மலாக்கா சுல்தான்களின் காலத்தில் நகுதாக்களே கூடி வகுத்த கடற்சட்டம், கடலில் நகுதாவை அரசருக்கு ஒப்பிடுகிறது. முஅல்லிமை இமாமுக்கு ஒப்பிடுகிறது. தொழுகையில் இமாமைப் பின்பற்றுவது போலக் கடல்வழியில் முஅல்லிமைப் பின்பற்ற வேண்டும். இமாம் தவறினால் பின்னிற்போர் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதையும், இமாமத் என்பது தகுதியால் வருவது என்பதையும் அறிந்த நமக்கு இந்த உவமையின் ஆழம் விளங்கும்.

ஃபிக்ஹு நூல்களும் இத்துறையில் தெளிவானவை. பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர் ‘அமீன்’ ஆவார். இறைவிதியால் நேர்ந்த இழப்புக்கு அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அலட்சியத்தாலோ வரம்பு மீறியதாலோ நேர்ந்த இழப்புக்கு அவரே பொறுப்பு. புயலில் கலத்தைக் காக்கச் சரக்கில் ஒரு பகுதியை எறிய நேர்ந்தால், அந்த இழப்பை அப்பொருளின் உரிமையாளர் மட்டும் சுமக்காமல், பிழைத்த சரக்குகளின் உரிமையாளர்களும் பெறுமானத்திற்கேற்பப் பகிர வேண்டும் என்று மாலிக்கி சட்டவல்லுநர்கள் வகுத்தார்கள். அப்ஹரா சரக்கை எறியச் செய்ததை இப்போது எண்ணிப் பாருங்கள். அத்தகைய சட்டம் இருந்தால்தான் தலைவர் தயங்காமல் முடிவெடுக்க இயலும்.

வணக்கமும் இவ்வாறே கடலுக்கு வழிகண்டது. சிறிதளவு நன்னீருடன் கடலில் செல்வோர் கடல்நீரால் ஒளூச் செய்யலாமா என நபி (ஸல்) அவர்களிடம் வினவியதும், அந்நீர் தூய்மையானதே என அவர்கள் விடையளித்ததும் நாம் அறிந்த ஹதீஸாகும். கடலோடிகளின் வினா ஒன்று உம்மத் முழுவதற்கும் சட்டமாயிற்று.

கட்டிய கரையிலிருந்து வாங்கியவர் கரைக்கு

கட்டிய கலத்தை வாங்கியவரிடம் சேர்ப்பிப்பது தனியொரு பணி. கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூரில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘உரு’ எனும் பெருங்கலங்கள் நெடுங்காலமாக அரபு நாடுகளின் உரிமையாளர்களுக்குச் சென்று சேர்ந்தன. மாப்பிள்ளைக் கலாசிகள் கப்பியும் கயிறும் கொண்டே அவற்றை நீரில் இறக்கினார்கள். கடலே காணாத புதுக்கலம் எப்பக்கம் சாயும், எங்கே நீர் கசியும் என்பதை முதல் பயணமே காட்டும். அப்பயணத்தை நடத்துபவர் கலத்தைக் கற்றுக்கொண்டே ஓட்ட வேண்டும்.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியாகக் கொண்டு சென்றார்கள். தண்டல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்ப்பித்தார்கள். அவர்கள் இந்துக்கள், எனினும் நம் தோணிகளும் அவர்கள் தோணிகளும் ஒரே பாக்கு நீரிணையில் ஓடியவை, தொழில் மரபும் நெருங்கியது. ஏற்றுக்கொண்ட பொருளை உரியவரிடம் சேர்க்கும் நேர்மை எவரிடம் விளங்கினாலும் மதிக்கத் தக்கதே.

இன்றைய படிகள்

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றின் நாட்காட்டி மதிப்பிழந்தது. தலைமுறை தலைமுறையாக மாலுமிகளாக இருந்தோரின் மக்கள் ஆங்கிலேயர் கப்பல்களில் லஸ்கர்களாக, கரி அள்ளுவோராகப் பணியாற்ற நேர்ந்தது. அறிவு அவர்களிடம் இருந்தது, சான்றிதழ் இருக்கவில்லை. இந்திய இளைஞரைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றும் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் 1927இல்தான் பம்பாயில் தொடங்கப்பெற்றது.

இன்று கடற்பணிக்குரிய பயிற்சியையும் சான்றிதழையும் 1978இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அவற்றைக் கண்காணிக்கிறது. அதன் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, கடற்பணியாளர் பதிவேடு, குறித்த காலம் கடலில் பணி, தேர்வு, பின்னர் அடுத்த படி என்பதே முறை. இவற்றைத் தவிர்த்து, பணம் கொடுத்தால் உடனே கப்பலில் அதிகாரிப் பணி என்று சொல்பவர்களிடம் பெற்றோர் விழிப்போடு இருத்தல் வேண்டும். முகவர் உரிமம் பெற்றவரா என்பதை இயக்ககத்தின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே பணமோ கடவுச்சீட்டோ கொடுக்க வேண்டும். படிகளைத் தாண்டி ஏறியவர், புயல் வரும்போது தம்மோடு பிறரையும் ஆபத்தில் ஆழ்த்துவார்.

நபித்துவத்திற்கு முன்னரே நம் நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளைச் சிரியாவுக்குக் கொண்டு சென்று, இலாபத்தோடும் நாணயத்தோடும் திருப்பி ஒப்படைத்தார்கள். மக்கத்தார் அவர்களை அல்அமீன் என அழைத்ததன் பொருள் இதுவே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கலத்தை ஒப்படைக்கும் மாலுமியும், கடையின் பெட்டியைப் பொறுப்பேற்ற ஊழியரும், ஜமாஅத்தின் நிதியைக் காக்கும் நிர்வாகியும் இக்கட்டளையின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் கடலோடிய மூத்தவர் எவரேனும் இருந்தால், அவர் நினைவில் எஞ்சியுள்ள சொற்களையும் வழிகளையும் கேட்டு எழுதி வையுங்கள். அவரை இரண்டாம் தரத்திலிருந்து மூன்றாம் தரத்திற்கு உயர்த்தும் வாய்ப்பு இப்போது நம் கையில் உள்ளது.

கடலில் செல்வோர் அனைவரையும் வல்ல இறைவன் காத்து, ஏற்ற அமானிதங்களைக் குறைவின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை நம் எல்லோருக்கும் அருள்வானாக. ஆமீன்.